ஆயர் முத்திரைக்கு மேல் ஒரு ரத்தச் சீட்டு

சேசு மரி சூசை துணை

நீடாமங்கலம்
16.8.2006, புதன்

அன்புள்ள அக்கா பாத்திமா மேரிக்கு, தம்பி குழந்தைராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மாடு நலம், குறுவை நலம். உன் தம்பி பெண்டாட்டி மட்டும் என்னோடு பேசுவதில்லை. அதுவும் ஒருவகையில் நலம்தான். போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்னை நீ எப்போது முழுசாகப் பேச விட்டிருக்கிறாய்?

உன் மகன் அருள்பிரகாஷுக்கும் என் மகள் ஜெசிந்தாவுக்கும் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. வரும் ஞாயிறு மூன்றாவது. அத்தை மகன், மாமன் மகள் என்பதால் ஆயரிடம் எழுதிப்போட்டு, முத்திரை வைத்த அனுமதியையும் வாங்கி பீரோவில் பூட்டியிருக்கிறேன். இதற்கு மேலும் ஒரு சீட்டு வேண்டுமாம்! அவள் நர்சிங் படிக்கும் தஞ்சாவூர்க் கல்லூரியில் முகாம் என்று எல்லாப் பெண்களிடமும் ரத்தம் உறிஞ்சியிருக்கிறார்கள். நம் பெண் தலசீமியா என்கிற ரத்தக் கோளாறைச் சுமக்கிற கேரியராம். அவளுக்கு ஒன்றும் ஆகாதாம். கட்டிக்கொள்பவனும் கேரியர் என்றால் பிள்ளைகளுக்கு நாலில் ஒன்று ஆபத்தாம், மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டுமாம். "அத்தானும் டெஸ்ட் எடுக்காம நான் கோயில் படி ஏற மாட்டேன்" என்கிறாள். குவைத்துக்காரன் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்து 'ஃபிட்' என்று சீல் குத்தி அழைத்துக்கொண்ட பையன் அவன்! அரபிக்குப் போதும், இந்த மகாராணிக்குப் போதாதாக்கும்.

சும்மா விடலாமா? தஞ்சாவூருக்கே போனேன். அங்கே நுஸைபா என்று ஒரு பெண், நம் ஜெசிந்தாவைவிட நாலு வயசு கூட இருந்தால் அதிகம். அவளுக்கு வேலை ஆலோசனை சொல்வதாம். நம்ம ஊர் டீக்கடையில் சும்மா கிடைப்பதற்கு வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒரு ஆள்! "நாலுல ஒண்ணுன்னா மூணோட நிறுத்திக்கிட்டா முடிஞ்சுபோச்சு, இதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டேன். "ஐயா, மொதப் புள்ளையே அந்த ஒண்ணா இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அதே கணக்குதாங்க" என்றாள். பதிலுக்குப் பதில் பேச மட்டும் தெரிகிறது.

பிறகு நம் குடும்பத்தை வரைகிறேன் என்று தாளை எடுத்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஐந்து தலைமுறையாக வெளியில் பெண் எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை என்று மார்தட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். நீயும் அத்தானும்கூடச் சொந்தம்தானே! கோடு மேல் கோடு விழுந்து, கோழி கிளறிய குப்பையாகி, இன்னொரு தாளை ஒட்டினாள். "சின்ன வயசுல தவறினவங்க யாராச்சும் உண்டாங்க?" என்றாள். உன் மூத்தவன் சந்தியாகுவைச் சொன்னேன். வெளுத்துப்போய், வயிறு வீங்கி, மூன்று வயசில் போனான், எல்லாம் எதிர்வீட்டு அம்சம் வைத்த கண் என்றேன். அவள் அந்தச் சதுரத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். ஒரு உயிருக்கு ஒரு கோடு, அவ்வளவுதான் மரியாதை!

"வந்தது வந்தீங்க, உங்களுக்கும் பாத்துடலாம்" என்றாள். இவர்கள் முகத்தில் கரி பூசவே கையை நீட்டிவிட்டு வந்தேன். ஆகவே அருள்பிரகாஷிடம் இதையெல்லாம் சொல்லிப் பையனைக் கலவரப்படுத்தாதே. பந்திக்கு ஆடு சொல்லியாயிற்று.

அத்தானுக்கு என் தோத்திரம். உங்கள் வீட்டில் எந்தக் குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்வாள்.

உன் தம்பி,
குழந்தைராஜ்

பி.கு. இன்று சனிக்கிழமை. தபாலில் போட எடுத்தபோது என் ரத்தச் சீட்டு வந்தது. எனக்கும் இருக்கிறது, அக்கா. நாம் கூடப்பிறந்தவர்கள். சந்தியாகுவை யார் கண்ணும் கொண்டுபோகவில்லை என்று நினைக்கிறேன். இருபத்தெட்டு வருஷமாக அம்சத்தின் முகத்தில் முழிக்காமல் இருந்தோமே, பாவிகள். உடனே பங்குச் சாமியாரிடம் போனேன். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று இரண்டு வாரம் வாசித்தாரல்லவா? நானே சொல்லிவிட்டேன். நாளை ஓலை இல்லை. அருள்பிரகாஷைக் குவைத்திலேயே ரத்தம் கொடுக்கச் சொல். சீட்டு வரட்டும், பிறகு பேசுவோம். கடிதம் கிடைத்ததும் போன் செய். குறுக்கே எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, கேட்டுக்கொள்கிறேன்.