பெரும்புள்ளிகளும் ஒரு சின்னப் புள்ளியும்

விருத்தாசலம்,
திங்கட்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய அப்துல் மாலிக் மாமா அவர்களுக்கு, தங்கை மகள் அப்ரின் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் வெயில் எப்படியோ, இங்கே சூளைக்குள் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது. மற்றபடி, அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் நலம்.

நேற்றைய விழா எப்படி நடந்தது என்று போனில் கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் நின்றதால் "நல்லா நடந்துச்சு மாமா" என்றேன். பொய்.

நீங்கள் அங்கிருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒரு கல்விக் குழு தொடங்கி, என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பத்தாவதில் தவறி, பொம்மை ஷெட்டுகளில் வேலை செய்யும் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, மறுதேர்வுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. முக்கியமாக எதிர்வீட்டு பிரபாவுக்கு. கணக்கில் மட்டும் போனவள், பீங்கான் கிளிக்கு மூக்கு வரைந்துகொண்டிருக்கிறாள். விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள்.

கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொன்னேன். "அது கடைசி அஜெண்டாம்மா" என்றார் குழுத் தலைவர் கோதண்டபாணி சார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். முதல் அஜெண்டா, யாருக்கு யார் பொன்னாடை போர்த்துவது. அது முடியவே இல்லை. விழா ஃப்ளெக்ஸ் பேனரின் மாதிரி குரூப்பில் வந்ததும் எல்லோரும் அவரவர் மூஞ்சியைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். "எம்.ஏ.வுல ஏ-க்கு அப்புறம் புள்ளி எங்க? நான் என்ன அரைகுறையா படிச்சவனா?" என்று சார் பிரஸ்காரரிடம் சண்டை போட்டு அந்தப் புள்ளியை வைக்கவைத்தார். இப்படிப் பெரும்புள்ளிகள் எல்லோரும் ஓகே சொல்லி, ஊர் நடுவே பாலக்கரையில் கட்டிய பிறகு பார்த்தால், 'மாபெரும் கல்வி விழா'வில் ல் மேல் புள்ளி இல்லை! அதை நான் எழுத மாட்டேன் மாமா, நீங்களே புள்ளியை விரலால் மறைத்துப் படித்துக்கொள்ளுங்கள். கீழே 'பெண்கள் திரளாக வருக' வேறு.

கழட்டச் சொல்லி போன் போட்டா, "சின்னப் புள்ளிதானம்மா, விடு. கழட்டுனா எல்லாரு போட்டோவும் போயிடும்"ங்கறாரு சாரு. அப்புறம் கேக்கணுமா, கருவேப்பிலங்குறிச்சி, பெண்ணாடம்னு சுத்துப்பட்டுப் பசங்க பைக்குல வந்து ஃப்ளெக்ஸ் கீழ செல்ஃபி எடுத்துக்கினு மண்டபத்துக்கே வந்துட்டானுங்க, நாற்காலி பத்தல, ஆனா ஒரு பொண்ணு இல்ல. பிரபாவக் கூப்பிடப் போனா அவங்க அம்மா பாஞ்சாலை அக்கா வாசல்லயே மறிச்சிக்கினு, "ஏம்மா அப்ரினு, நீயும் வயசுப் பொண்ணு, இந்த விழாவுக்கா எம்பொண்ணக் கூட்டிக்கினு போவ? ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"ன்னாங்க. தெருவே சிரிச்சிது. திரும்பி வந்தா மேடையில சாரு கண்கலங்கி, "இளைஞர்களிடம் இவ்வளவு ஆர்வத்தை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை!"ங்கறாரு. ஒரே விசிலு.

பொம்மைக் கம்பெனி நடராசன் வாழ்த்திப் பேசினார். பெண்கள் படித்தால் நாடு உயருமாம். பிரபா படித்துப் போய்விட்டால் அவர் ஷெட்டில் கிளிக்கு யார் மூக்கு வரைவது என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை. பொன்னாடை மட்டும் ஒருவர் விடாமல் போர்த்தினார்கள். இதையே என் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமிக்கு சலாம், பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், குழு நடத்தும் ஆசையிலிருந்து விடுதலையையும் தருவானாக.

உங்கள் மருமகள்,
அப்ரின்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் பாஞ்சாலை அக்காவே பிரபாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். "விழா கிழா ஒண்ணும் இல்லியே?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எழுதிக் குடு." கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம், டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இவ்வளவுதான் மாமா, இதற்குத்தான் அத்தனை கூட்டம். பிரபாவுக்குக் கணக்கு சொல்லித்தர ஒத்துக்கொண்டேன். ஷெட்டிலிருந்து இன்னும் சில பெண்களும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வருகிறார்களாம். அதனால் ராஜினாமாவைக் கிழித்துவிடுங்கள். குரூப்பில் மட்டும் மூச்சு விடாதீர்கள், கோதண்டபாணி சார் மைக் செட்டோடு வந்துவிடுவார்.