மிளகாய் மேஸ்திரியின் கை

குழந்தைகளே, எங்கள் ஆம்பூரில் அழாத ஆள் என்று ஒருவரையும் காட்ட முடியாது. அத்தனை பேரையும் அழவைத்தவர் மிளகாய் மேஸ்திரி. அவர் யாரையும் அடித்ததில்லை, வைததும் இல்லை. வீட்டுக் கொல்லையில் ஊசி மிளகாய் வளர்த்தார், அவ்வளவுதான்.

தோல் பதனிடும் கொட்டகையில் எனக்கு மேலே இருந்த மேஸ்திரி அவர். ஆட்டுத்தோலிலிருந்து சீவிய மயிரைக் கூடையில் சுமந்துபோய்ச் செடிகளுக்கு எருவாகப் போடுவார். செடி இடுப்பளவு வளரும். காயோ சுண்டுவிரலில் பாதிகூட இராது. அதில் ஒன்றை இவர் வீட்டுக் குழம்பில் கிள்ளிப் போட்டால் அடுத்த வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டு வருவார்.

யாராவது எரிகிறது என்றால் அவருக்குச் சிரிப்பு வரும். “சும்மா ஜாலம் பண்ணாதய்யா. காய் இன்னா நெருப்பா?” என்பார். அவர் மேல் குற்றமில்லை. சிறு வயது முதல் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிப் புரட்டி அவர் கை செருப்பின் அடித்தோல்போலக் காய்த்துவிட்டது. தணலையே விரலால் எடுத்துப் பீடி பற்றவைப்பார். மிளகாய் எம்மாத்திரம்?

ஒரு வெயில் காலம். கொட்டகையில் தோல் தீர்ந்து குழிகள் காலியாகக் கிடந்தன. நெமிலியிலிருந்து ஒரு வியாபாரி வண்டி நிறையத் தோல் கொண்டுவந்தார். முதலாளி சாயபு ஆள் விட்டு மேஸ்திரியை வரவழைத்தார்.

“இந்தச் சரக்கு அடுத்த கொட்டகைக்குப் போச்சுன்னா நீயும் அங்கியே போய்டு. இங்க உனக்கு வேல இல்ல.”

தோல் வியாபாரத்தில் விலையை வாயால் பேசமாட்டார்கள். இருவரும் ஒரு துண்டுக்கு அடியில் கைகோத்து, விரலைத் தொட்டுத் தொட்டே விலை சொல்வார்கள். மற்றவர் கையை இறுக்கிப் பிடித்தால் சம்மதம் என்று பொருள்.

ஆள் போனபோது மேஸ்திரி பழுத்த மிளகாயைப் பிளந்து விதை எடுத்துக்கொண்டிருந்தாராம். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அப்படியே வந்துவிட்டார்.

பேரம் நீண்டது. வியாபாரியின் முகம் சிவந்தது. விலை கம்மி என்று கோபம் போலும் என நினைத்தோம். அவர் கையை வெளியே எடுத்து நெற்றி வேர்வையை வழித்தார். கண்ணையும் சேர்த்து வழித்தார்.

“ஐயோ! கண்ணு போச்சு! கண்ணு போச்சு!”

துள்ளித் தடுமாறி விழப்போனவர், துண்டோடு மேஸ்திரியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

சாயபு குதித்தார். “புடிச்சிட்டாரு! எல்லாரும் பாத்தீங்கல்ல? வெல முடிஞ்சிபோச்சு!”

மேஸ்திரி வாய் பிளந்து நின்றார். பிறகு சொன்னார்: “இல்ல சாயபு. அது சம்மதம் இல்ல. எரிச்சல்.”

“அடப்பாவி! உன் வேல போய்டும்!”

“போனா போவுது. கண்ணு தெரியாத மனுசன்கிட்டயா வெலய முடிக்கிறது?”

மேஸ்திரி என்னை அனுப்பிப் பால் வாங்கிவரச் செய்து, அதாலேயே கண்ணைக் கழுவவைத்தார். வெகு நேரம் கழித்து வியாபாரி ஒரு கண்ணைத் திறந்தார்.

“யோவ் மேஸ்திரி, ஒன்ன மாதிரி ஆளோடயே முடிச்சிக்கிறேன், வா. ஆனா அந்தக் கைய மட்டும் நீட்டாத.”

எத்தனை கழுவியும் காரம் போகவில்லை. கடைசியில் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார் மேஸ்திரி. இம்முறை வியாபாரி தெரிந்தே இறுக்கிப் பிடித்தார். சரக்கு எங்கள் கொட்டகைக்குள் இறங்கியது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மேஸ்திரி மட்டும் பேயறைந்தவர்போலத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்பா, நெசமாவே எரியுமா?”

“எரியும் மேஸ்திரி.”

“எங்க வூட்டுக்காரி தெனம் வெறுங்கையால இதத்தானே கிள்ளுறா? எரியுதுன்னு சொன்னப்பல்லாம் நான் சிரிச்சேனே!”

மறுநாள் முதல் அந்த வீட்டில் மிளகாய் பறிப்பதும் கிள்ளுவதும் அம்மியில் அரைப்பதும் அவர்தான். அரைக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போனால் தும்மல் பிடித்துக்கொள்ளும். எனக்கு வேலைக்குப் போக வேறு வழி இருந்தது. இருந்தும் தும்மிக்கொண்டே அந்த வழியாகத்தான் போவேன்.