சம்பந்தி காலமான பக்கம்

கோவில்பட்டி,
11.7.2001, புதன்கிழமை.

மும்பையில் இருக்கும் மாப்பிள்ளை சோலைமுத்துவுக்கு, அத்தான் மாயகிருஷ்ணன் எழுதிக்கொள்வது.

நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எங்கள் சுகத்தைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம். உன் அக்கா வள்ளித்தாய் திங்கட்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் வருகிறது. உன் மருமகள் சந்தனமாரி அழுது முடித்துவிட்டு இப்போது சும்மா உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் எனக்கு அதிக பயமாக இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் போன் வருவது உன் முதலாளி மேஜைக்கு. நான் எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு "சம்பந்தியைக் கொன்றுவிட்டேன்" என்று கத்தினால் இரண்டு ஊரிலும் போலீஸ் வந்துவிடும். அதனால் கடிதம்.

பதறாதே, நான் கொன்றது கதையில். ஆனால் கல்யாணம் நிற்கப்போவது நிஜத்தில்.

வயதாகிப் பத்திரம் எழுதுவதை விட்டதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் டியூஷன் சென்டர் மாடியில் கூடுகிற வாசகர் வட்டத்துக்கு நான் போய்வருவது உனக்குத் தெரியும். அங்கே வாத்தியார் ஹரிகிருஷ்ணனைப் பார்த்துத்தான் பெண்ணுக்கு வரன் பேசினோம். இந்த வருஷம் வட்டத்தின் சார்பில் சிறுகதைத் தொகுப்பு ஒன்று கொண்டுவர முடிவானது. யார் தொகுப்பாசிரியர் என்று பேச்சு வந்தது. எல்லாருமே கதை எழுதுகிறவர்கள், எல்லாருக்குமே தன் கதை முதலில் வரவேண்டும். கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணாச்சிக்குத்தான் கதை எழுத வராது, நடுநிலையா இருப்பாவ" என்றார்கள். நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன். வந்த கதைகளில் ஒன்றில்கூட மழை பெய்யவில்லை. ஒரு புத்தகம் முழுக்க மழையே இல்லை என்றால் வாசகன் எப்படித் தாங்குவான் என்று, ஒரு கதையில் மட்டும் கடைசி வரியில் நாலு தூறல் போட்டேன். அதை எழுதியவர் "எங்க ஊர்ல பெய்யாத மழை உங்க பேனாவுல எப்படிவே பெஞ்சது?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான், வட்டத்துக்குத் திரும்பி வரவில்லை. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஹரிகிருஷ்ணன் கொடுத்தது தன் அப்பாவைப் பற்றிய கதை. பருத்தி எடுத்து ஓய்ந்த காட்டுக்கு அப்பா காய்ந்த பருத்திமார் பிடுங்கப் போகிறார். வெயில் அடிக்கிறது. திரும்பி வருகிறார். சாப்பிடுகிறார். படுக்கிறார். கதை முடிந்தது. இதில் அப்பாவுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, நிலம் யாருடையது என்ற விவரம் கிடையாது. முப்பது வருஷம் பத்திரம் எழுதிய கை, மாப்பிள்ளை, அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கும்? அதோடு ஒரு உள்நோக்கமும் உண்டு. ஹரியின் அப்பா பெருமாள்சாமி நிச்சயத்துக்குத் தேதி சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். பங்குனி என்றார், வைகாசி என்றார், இதோ இப்போது ஆடியே வரப்போகிறது, இன்னும் ஆவணி என்றுகூட வாய் திறக்கவில்லை. தன் பெயரை அச்சில் பார்த்தால் மனசு குளிர்ந்து ஒரு தேதி சொல்வார் என்று நினைத்தேன். எனவே முதல் வாக்கியத்தை இப்படித் திருத்தினேன்: "விளாத்திகுளம் வட்டம், கீழவேப்பங்குளம் கிராமத்தில் வசிக்கும் பத்திரகாளி மகன், சுமார் அறுபது வயதுள்ள பெருமாள்சாமி, தனக்குப் பாத்தியமானதும், ஓடைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, ஊர்ப்பொதுக் கிணற்றுக்கு வடக்கு, வன்னிமரத்துக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்டதுமான கரிசல் புஞ்சையில் பருத்திமார் பிடுங்கச் சென்றார்." பெண் கொடுக்கப் போகிறவன் என்ற முறையில் நிலத்தை நேரில் போய்ப் பார்த்து வந்தவன் நான், அதனால் ஒரு எல்லைகூடத் தப்பில்லை.

இதோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் கல்யாணப் பத்திரிகை எழுதிக்கொண்டிருப்பேன். மறுவாரம் திரும்ப வாசித்தபோது முடிவு சப்பென்று இருந்தது. சாப்பிட்டார், படுத்தார் என்றால் என்ன முடிவு? பத்திரத்தில் ஒருவர் காலமானால்தான் அடுத்த பத்திக்கே விஷயம் நகரும். ஹரியைக் கேட்கலாம் என்றால் அவர் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தத் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். அவர் அங்கே திருத்த, நான் இங்கே திருத்தினேன். "வேப்பமர நிழலில் பெருமாள்சாமி சற்றே சாய்ந்தார். அப்படியே காலமானார்." எழுதி முடித்ததும் எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிய சத்தம் கேட்டு உன் அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னங்க, என்னாச்சு?"

"போயிட்டாரு வள்ளி."

"யாருங்க?"

"சம்பந்தி."

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். இது கதை, செத்தது கதைக்குள்ளே என்று நான் விளக்கி முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. "பேரையாவது எடுத்துத் தொலைங்க" என்றாள். பெயரை எடுத்தால் நான்கெல்லை யாருடையது என்ற கேள்வி வரும் என்றேன். ஒரு வரியில் ஒரு தெருவே அழுகிறது என்றால் கதை வெற்றி என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது. கதையில் இருப்பது வேறு பெருமாள்சாமி, காட்டில் இருப்பது வேறு பெருமாள்சாமி, இலக்கியம் தெரிந்த யாரும் இதைப் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன்.

எட்டயபுரத்தில் இருக்கும் வெயிலுகந்தம்மாளுக்கு இலக்கியம் தெரியாது. அவள் பெருமாள்சாமியின் கூடப்பிறந்த தங்கை. போன ஞாயிறு வெளியீடு முடிந்ததும், ஹரி தன் கதையைத் திறந்துகூடப் பார்க்காமல், தான் எழுதியதுதானே என்ற தைரியத்தில் அத்தைக்கு ஒரு புத்தகத்தைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் அவள் மகன் அதைச் சத்தமாக வாசித்திருக்கிறான். வட்டம், கிராமம், தகப்பனார் பெயர், ஓடை, கிணறு எல்லாம் சரியாக இருக்கும்போது காலமானது மட்டும் எப்படிப் பொய்யாகும்? "கூடப்பொறந்தவளுக்குச் சொல்லாம புஸ்தகத்துல போட்டுச் சொல்லுதாவளே!" என்று மாரில் அடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். கீழவேப்பங்குளம் ஊர் எல்லையில் இறங்கியதும் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு "எண்ணே, என்னைப் பெத்த ராசா" என்று அவள் அழுதுகொண்டு வர, தொழுவத்தில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்த பெருமாள்சாமி, தங்கை இப்படி அழுதால் அவள் புருஷனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று, யார் போனது என்றே தெரியாமல் துண்டை வாயில் பொத்திக்கொண்டு தானும் அழுதாராம். "ஏட்டி, மச்சானுக்கு என்னட்டி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் அவள் கீழே விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, புத்தகத்தைப் பிரித்து, கூடியிருந்த கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டியிருக்கிறார். பெருமாள்சாமி முழுக்கக் கேட்டுவிட்டு, விட்ட பருத்திக்கொட்டையை வைக்கத் தொழுவத்துக்குத் திரும்பிப் போனாராம்.

அன்று சாயங்காலம் ஹரி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "எங்கப்பா எப்ப மாமா செத்தாவ?" என்றார். நான் முடிவின் அவசியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன். "காலைல மாட்டுக்குத் தீவனம் வச்சாவ மாமா" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கண் கலங்கி நின்றார். சந்தனமாரி உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு வந்து, "மூணு பக்கத்துல அவுக எழுதுனது நல்லாத்தானப்பா இருந்தது, ஏம்ப்பா கை வச்சீங்க?" என்றாள். இரண்டு வரனை வேண்டாம் என்று சொன்ன பிள்ளை, இவருக்கு மட்டும் தலையாட்டினாள். அது உனக்கும் தெரியும்.

நேற்று பெருமாள்சாமியிடமிருந்து ஆள் வந்தது. "ஞாயித்துக்கெழம வாரேன். ஆள் வீட்டுல இருக்கணும், அந்தப் புஸ்தகமும் இருக்கணும்." இவ்வளவுதான் சேதி. இதுவரை எந்தச் சேதி வந்தாலும் "சம்பந்தி வீட்டுல சொல்லுங்க" என்றுதான் வரும். இப்போது வெறும் ஆள். உன் அக்கா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி, என்னிடம் அல்ல, சுவரிடம் சொல்லி அழுகிறாள். அவர் முரட்டு மனிதர் என்று ஊரில் பேர். என்னை நாலு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்வேன், மாப்பிள்ளை. "பொண்ணு வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? சந்தனமாரி முகத்தில் இனி எப்படி முழிப்பேன்? அச்சான புத்தகத்தில் செத்தவரை எந்தப் பேனாவால் எழுப்புவது?

எனவே இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளை மறுநாள் உன் கையில் கிடைக்கும். கிடைத்த உடனே முதலாளியிடம் சொல்லிவிட்டு ரயிலேறிவிடு. தாய்மாமன் நீ நடுவில் உட்கார்ந்தால் அவர் கையை ஓங்கவாவது யோசிப்பார். நான் பேசக்கூடாது என்பது உன் அக்காவின் உத்தரவு, அதனால் பேசுவதும் நீதான். இனிமேல் என் ஆயுசுக்கும் யார் எழுதிய கதையிலும் ஒரு கால்புள்ளி வைக்க மாட்டேன் என்று அவரிடம் என் சார்பில் சத்தியம் செய்து கொடு.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பான விசாரிப்பு. பிள்ளைகள் இரண்டும் நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், யாரையும் திருத்தாமல் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
மாயகிருஷ்ணன்

பின்குறிப்பு: டிக்கெட் எடுக்காதே. ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டிக் கூரியருக்குக் கிளம்பச் செருப்பைப் போடும்போது வாசலில் டி.வி.எஸ். 50 சத்தம். பெருமாள்சாமி. ஞாயிறுவரை அவருக்கே பொறுக்கவில்லையாம். சந்தனமாரி கொண்டுவந்த தண்ணீரை வாங்கவில்லை. நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "புஸ்தகத்த எடும், வாசியும்" என்றார். வாசித்தேன். வேப்பமரம் வந்ததும் கடைசி இரண்டு வரியை வேகமாக ஓட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்க வாசியும்" என்றார். இரண்டாம் தடவை அவர் காலமானதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மாசி மாசம் தொழுவுல நிக்கும்போது ஒரு காக்கா உச்சந்தலையில அடிச்சிட்டுப் போயிட்டு. செத்துட்டான்னு சொந்தத்துக்குப் பொய்ச்சேதி விட்டு, கேட்டவ அழுதாத்தான் அந்தக் கண்டம் கழியும். கல்யாணப் பேச்சு நடக்குத வீட்டுல அப்படி எப்படிச் சொல்லிவிட? வெளிய சொல்லவும் வெக்கம். அதான் தேதி கேட்டப்பல்லாம் மாசத்தத் தள்ளித் தள்ளிச் சொன்னேன். உங்க பிள்ள எங்க வீட்டுல கால் வச்ச பெறகு நான் போனா, ஊரு காக்காவையா சொல்லும்? பிள்ளையைத்தான சொல்லும்! முந்தாநாத்து எந் தங்கச்சி மனசார அழுதா. கழிஞ்சிட்டு. ஆவணி முதல் முகூர்த்தம், சம்பந்தி."

அதற்குப் பிறகுதான் தண்ணீரைக் குடித்தார். இப்படி ஒரு பயத்தை மாசியிலிருந்து தனியாகச் சுமந்திருக்கிறார், அதுவும் நம் பிள்ளைக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்று. முரட்டு மனிதர் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இனி எதிலும் கை வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் அப்படியே விட்டிருக்கிறேன். உன் அக்கா என்னோடு பேசிவிட்டாள், "அந்த நாற்காலியை உள்ளே போடுங்க" என்றாள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பாக்கி. கிளம்பும்போது அவர், "அடுத்த தொகுப்புக்கு நானும் ஒரு கத சொல்லுதேன், மகன் எழுதட்டும். கோவில்பட்டியில ஒரு பத்திர எழுத்தர். முடிவுக்கு வேம்பா, லாரியா, உங்களுக்கு எது தோது?" என்று கேட்டார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கும் வயசாகுதுல்லா, என்ன கண்டம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கழிச்சு வச்சிருவோம்" என்றார். எனக்காக அழக் கூடப்பிறந்த தங்கை கிடையாது, உன் அக்கா அழுவாள் என்று இப்போதைய நிலையில் உறுதி சொல்ல முடியாது. அதனால், மாப்பிள்ளை, அந்தப் புத்தகம் உனக்கு வந்து சேர்ந்தால் பயப்படாதே. ஆனால் கொஞ்சம் அழுது வை.