அக்கரைத் தோகை

ஒரு காட்டில் சேந்தன் என்று ஓர் ஆண்மயில் இருந்தான். ஆவணி வந்தால் ஆண்மயில்களுக்குத் தோகை உதிரும், தை பிறந்ததும் மறுபடி வளர்ந்து நிற்கும். இது சேந்தனின் அப்பாவுக்கும் நடந்தது, தாத்தாவுக்கும் நடந்தது. அவர்கள் யாரும் இதற்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அவர்கள் காலத்தில் காட்டுக்குள் செல்போன் வந்திருக்கவில்லை.

அந்த வருஷம் சேந்தனுக்கு அவசரம். செங்கமலம் என்ற பெண்மயில், ஐப்பசியில் முதல் மழை விழும் அன்று வழுக்குப்பாறைக்கு வந்து எல்லார் ஆட்டத்தையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். யார் ஆட்டம் பிடிக்கிறதோ அவனோடுதான் குடித்தனம். தோகை இருந்தால் எவனும் ஆடிவிடுவான், தோகை இல்லாத மாதத்தில் பார்த்தால்தான் கால் எப்படி என்று தெரியும் என்பது அவள் கட்சி. சேந்தன் இதில் பாதியைத்தான் காதில் வாங்கினான். மீதி நேரம் அவள் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கொண்டை காட்டிலேயே பேர்போனது. அவள் தலையை லேசாகத் திருப்பினால் பக்கத்து மரத்து ஆண்மயில்கள் கிளை தவறி விழும். சேந்தனும் விழுந்திருக்கிறான்.

மற்றவர்கள் எல்லாம் மொட்டை முதுகோடு நிற்கும்போது தான் மட்டும் தோகை விரித்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஒரு யோசனை வந்தது. நேராக வாலாயுதத்திடம் போனான்.

வாலாயுதம் ஒரு குரங்கு. அவனிடம் செல்போன் இருந்தது. சுற்றுலா வந்த ஒரு குடும்பம் அன்பளிப்பாகக் கொடுத்தது என்பான். அந்தக் குடும்பத்தைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். காட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் அவன்தான் ஆர்டர் போட்டுத் தருவான். ஆமைக்கு மழைக்கோட்டும் வௌவாலுக்குத் தலையணையும் வாங்கிக் கொடுத்த மகான் அவன்தான்.

போனில் ஒரு கடை வந்தது. ‘அக்கரையிலிருந்து அக்கறையுடன்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு படம். அப்படி ஒரு தோகை எந்த மயிலுக்கும் இருந்ததில்லை, இருந்தால் அந்த மயில் நடக்க முடியாது. ‘தோகை. முதல் தரம். பொருள் இருக்கும் இடம்: அக்கரை’ என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே பாராட்டு மழை. இதைக் கட்டியதிலிருந்து தன் வாழ்க்கையே மாறிவிட்டதாக ஒரு நத்தை உருகியிருந்தது.

சேந்தனுக்குத் தெரிந்த அக்கரை ஒன்றுதான். காட்டு ஓடைக்கு இந்தப் பக்கம் இக்கரை, அந்தப் பக்கம் அக்கரை. தினமும் காலையில் அங்கேதான் போய்ப் புழு பொறுக்குவான்.

“அக்கரைதானேப்பா, சாயங்காலமே வந்துரும்” என்றான்.

வாலாயுதமும் ஆமாம் போட்டான். ஓடைக்கு அக்கரையில் ஒரு கறையான் புற்றையும் சில காட்டுப்பன்றிகளையும் தவிர வேறு எதுவும் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் போனிலேயே போட்டிருக்கிறதே.

விலையும் பிரமாதம். காசே வேண்டாம், பழைய தோகையைக் கொடுத்துப் புதிய தோகையை வாங்கிக்கொள்ளலாம். உதிர்ந்த இறகுகளைச் சேந்தன் ஒரு புதரடியில் சேர்த்து வைத்திருந்தான். அத்தனையும் அசல் மயிலிறகு, நீலமும் பச்சையுமாகக் கண் சிமிட்டும் சரக்கு. அதை எடுத்துப் போக மறுநாள் விடியும் முன்பே ஒரு பருந்து வந்துவிட்டது. கடைக்காரரின் சுறுசுறுப்பைச் சேந்தன் வாயாரப் புகழ்ந்தான்.

அந்தச் சுறுசுறுப்பு அதோடு முடிந்தது. பொருள் கிளம்பிவிட்டது என்று போன் சொன்னது. பிறகு வழியில் இருக்கிறது என்றது. பிறகு பறவைகளோடு வலசையில் இருக்கிறது என்றது. சேந்தன் தினமும் ஓடைக்கரையில் நின்று கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தான். புற்றுதான் தெரிந்தது. ஆவணி போய்ப் புரட்டாசியும் போயிற்று.

ஐப்பசி பிறந்ததும் ஓர் உள்ளான் குருவி, தன்னைவிடப் பெரிய பொட்டலத்தோடு வந்து விழுந்தது. ஓடையைத் தாண்ட இத்தனை நாளா என்று சேந்தன் அதட்டினான்.

“ஓடையாங்க? நான் கடலுக்கு அக்கரையிலேருந்து வர்றேன். நடுவுல உக்காரக்கூட எடமில்ல” என்றது குருவி.

பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே தோகை இருந்தது, கரும்புத் தோகை. காய்ந்து, பழுத்து, தொட்டால் அறுக்கும் ஓரங்களோடு, ஒரு ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருந்தார்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம் என்று ஓர் அறிவுரையும் கூடவே இருந்தது.

சேந்தனுக்கு அழுகை வந்துவிட்டது. வாலாயுதம் கடைக்குப் போன் போட்டுக் கொடுத்தான். அந்தப் பக்கம் ஒரு கிளி எடுத்தது. முதலில் சிரமத்துக்கு வருந்தியது. தோகை என்று போட்டிருந்தோம், தோகை அனுப்பியிருக்கிறோம், மயில் என்ற சொல்லை எங்கேயாவது பார்த்தீர்களா என்று கேட்டது. படம் அழகுக்குப் போட்டதாம். அக்கரை என்றுதான் சொன்னார்களாம், எதற்கு அக்கரை என்று இவன் அல்லவா கேட்டிருக்க வேண்டும். திருப்பி அனுப்ப ஆசைப்பட்டால் தாராளமாக அனுப்பலாம், ஆனால் குருவிகள் பங்குனியில்தான் திரும்பிப் போகும். மறுபடி சிரமத்துக்கு வருந்தியது. கடைசியில், ஐந்து நட்சத்திரம் போட்டால் அன்பளிப்பாக ஓர் அசல் மயிலிறகு அனுப்புவோம் என்றது.

அது யாருடைய இறகாக இருக்கும் என்று சேந்தனுக்குப் புரிந்தது. புரிந்தும் ஐந்து நட்சத்திரம் போட்டான். அந்த இறகு இன்றுவரை வலசையில்தான் இருக்கிறது.

இதற்குள் சேந்தனுக்கு வெளிநாட்டுப் பார்சல் வந்த செய்தி காடு முழுக்கப் பரவி, மயில்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டன. அத்தனை பேர் நடுவில் ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. கரும்புத் தோகையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அக்கரையில் இப்போது இதுதான் ஓடுகிறது என்றான். கூட்டம் வாயைப் பிளந்தது. அன்றே ஏழெட்டு மயில்கள் தை வரை காத்திருப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று முடிவு கட்டி, முளைத்துக்கொண்டிருந்த குருத்து இறகைப் பிடுங்கிக்கொண்டு வாலாயுதத்திடம் வரிசையில் நின்றன.

அன்று மாலை செங்கமலம் தனியாக வந்தாள். சுற்றி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“நீங்க போட்டிருந்த அஞ்சு நட்சத்திரத்தப் பார்த்தேன். அந்தக் கடையில கொண்டையும் மாத்திக் குடுக்குறாங்களாம். எனக்கு அந்தக் குரங்கு மேல நம்பிக்கையில்ல, உங்க மேல இருக்கு. மாத்தட்டுமா?”

சேந்தன் அந்தக் கொண்டையைப் பார்த்தான். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அது பிழைத்துவிடும். ஆனால் ஏன் வேண்டாம் என்று அடுத்துக் கேட்பாள். அப்புறம் இடுப்பில் கட்டியிருப்பது என்ன என்று கேட்பாள்.

“தாராளமா மாத்து, அருமையான கடை” என்றான். சொன்னபோது அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. சொல்லி முடித்ததும் கொஞ்சம் குறைந்தது.

வலசை மும்முரமாக இருந்ததால் அவள் பொட்டலம் சீக்கிரமே வந்துவிட்டது. அதற்கு அடுத்து முதல் மழையும் வந்தது.

வழுக்குப்பாறையில் காடே கூடியிருந்தது. சேந்தன் கரும்புத் தோகையைக் கட்டிக்கொண்டு ஆடினான். நனைந்த சருகு தொடையில் ஒட்டிக்கொண்டு அறுத்தது. யானை நின்றிருந்த பக்கம் மட்டும் முதுகைக் காட்டாமல் பார்த்துக்கொண்டான். செங்கமலம் தேக்கிலை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். காற்று அடித்தது, இலை பறந்தது. தலை வழவழவென்று இருந்தது. அவள் காலடியில் ஒரு பை கொண்டைக்கடலை.

சேந்தனின் ஆட்டம் நின்றுவிட்டது. அவள் பக்கத்தில் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

“இது கரும்புதானே?”

“ஆமா.”

“அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் சேந்தன் இருந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது. இப்போது எல்லாரிடமும் சொல்லிவிடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டான். கூட்டத்திலிருந்து ஒரு மயில், கொண்டையைக் காணோமே என்று கேட்டது. செங்கமலம் மொட்டைத் தலையை நிமிர்த்தினாள்.

“அக்கரையில இப்ப இப்படித்தான் வெக்கிறாங்க. நானும் அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டேன்” என்றாள்.

பெண்மயில்கள் பெருமூச்சு விட்டன. ஒவ்வொன்றாக வாலாயுதத்தைத் தேடிக் கிளம்பின. செங்கமலம் சேந்தனையே கட்டிக்கொண்டாள். இவன் குட்டு அவளிடம், அவள் குட்டு இவனிடம், இதைவிடப் பொருத்தமான ஜாதகம் காட்டில் வேறு இல்லை. கல்யாண விருந்துக்குச் சுண்டல் போட்டார்கள். தீனிக்கு வந்த யானை, மாப்பிள்ளையின் தோகையைத் தின்றுவிட்டுப் போனது.

நீதி: ஒருவன் ஏமாந்தால் முட்டாள், ஊரே ஏமாந்தால் நாகரிகம். ஆகவே ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் ஐந்து நட்சத்திரம் போடவும்.