குடத்துக்கும் கரைந்த கட்டி

இருபத்தேழு ரூபாய் எட்டணா. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் இசக்கிப்பாண்டி, குற்றாலத்து அருவிச்சாமிக்குத் தரவேண்டிய பாக்கி அது. மனைவி குழல்வாய்மொழியின் கழுத்துக் கட்டியைக் கரைக்கச் செவ்வாய்தோறும் ஒரு கயிறு. கயிறு காலணா பெறாது; கட்டும் கைக்குத்தான் காசு.

சாரல் விழுந்தால் சாமிக்குச் சீசன். காரில் வந்த கனவான்களும் வரிசையில் நின்றார்கள். படித்தவர் ஏமாறத் தனி வரிசை கிடையாதே!

சாமி முறுக்குக் கயிற்றை அருவித் தண்ணீரில் முக்கி, கழுத்தில் இறுக்கிக் கட்டுவார். "ஒரு வாரம் கழுத்துல சொட்டுத் தண்ணி படப்படாது!" குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் திரும்பிய கூட்டம் அது ஒன்றுதான். மறுவாரம் கயிறு தளர்ந்திருக்கும். "பாத்தியளா, கட்டி கரையுது!" என்பார். குலவை பறக்கும்.

குழல்வாய்மொழி சந்தையில் கத்தரிக்காய் கூவி விற்பவள். மூன்று மாதமாகக் குரல் கம்மிக் கிடந்தது. கட்டியோ கூழாங்கல்லாய்க் கெட்டி.

"வலிக்குதா தாயி?"

"வலியே இல்ல சாமி."

"அம்மன் நோகாம உக்காந்திருக்கா."

"குரல் எந்திக்க மாட்டேங்குது."

"உன் நாக்குல அவ பேசப்போறா."

"சோறு தொண்டையில நிக்குது."

"விரதம் கேக்கா."

இசக்கிப்பாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவள் போடவில்லை. வழியில் கேட்டாள்: "கயிறு லூசாகுது, சரி. கூவுனா காத்துதானே வருது?"

"ஏட்டி, சாமி குத்தம் ஆயிரும். வாய மூடு."

"அதுதான் தானா மூடிட்டு வருதே."

அடுத்த செவ்வாய், அதே ஈரக்கயிற்றில் ஒரு துண்டைப் பிரசாதமாகக் கேட்டு வாங்கினாள். கொண்டுபோன பித்தளைக் குடத்தின் கழுத்தில் இறுக்கிக் கட்டி, வீட்டில் அடுப்படியில் வைத்தாள்.

மறுவாரம் சாமி அவள் கழுத்துக் கயிற்றுக்குள் விரலை விட்டு, "கரைஞ்சிட்டு!" என்று கூவினார். அவள் குடத்தைத் தூக்கிக் காட்டினாள். அதன் கயிறும் தொளதொளவென்று தொங்கியது.

"இதுக்கும் கரைஞ்சிட்டு சாமி. குடத்துக்கு எங்கன கட்டி இருந்துச்சு?"

கூட்டம் வாயைப் பிளந்தது. அவள் தண்ணீரை அள்ளி அந்தக் கயிற்றை நனைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி இறுகியது.

"நனைஞ்சா இறுகுது, காஞ்சா தளருது. எங்க வீட்டுக் கொடிக்கயிறு தெனமும் காட்டுத அற்புதம்!"

"குடம் போன ஜென்மத்துல..." என்று சாமி ஆரம்பித்தார். மிச்சத்தைச் சிரிப்பு விழுங்கிவிட்டது.

அன்றே தென்காசி டாக்டரிடம் போனார்கள். தண்ணீரை விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"வலிக்கலன்னுதான் இத்தன நாள் வரலயாம்மா? எல்லாக் கட்டியும் புற்று இல்ல. ஆனா இது கெட்டியா இருக்கு, வளருது, குரல் மாறிட்டு, விழுங்க முடியல, பக்கத்துல வேற ஒரு முடிச்சு. அறுத்துப் பாத்துதான் ஆவணும்."

சாமிக்கு அருளாகத் தெரிந்ததெல்லாம் டாக்டருக்கு அடையாளமாகத் தெரிந்தது.

மதுரையில் அறுத்தார்கள். புற்றுதான். முழுதும் எடுத்தாயிற்று என்றார்கள். குரல் பாதிதான் திரும்பியது. அந்தப் பாதியை வைத்தே கத்தரிக்காய் விற்றாள்.

சாமி ஊரை மாற்றிக்கொண்டார், பாக்கியை மறக்கவில்லை. அவருடைய ஆள் வீரபாகு சந்தைக்கே வந்து நின்றான். "இருபத்தேழு ரூவா எட்டணா!" இசக்கிப்பாண்டியின் கை பழக்கத்தில் மடிக்குப் போனது. குழல்வாய்மொழி தடுத்தாள்.

"அண்ணாச்சி, உங்க சாமி கயிறு மாதிரிதான் இதுவும். கடன நனைச்சுட்டேன், சுருங்கி ஒண்ணுமில்லாம ஆயிட்டு."

சந்தையே சிரித்தது. வீரபாகு நழுவினான். கடன் அன்றோடு தீர்ந்தது.

கழுத்தில் கட்டி வந்தால் கயிற்றைத் தடவாதீர்கள், ஐயா. கட்டியைத் தடவிப் பார்த்து டாக்டரிடம் ஓடுங்கள். கழுத்துக்கு மேலே தலை இருப்பது, கட்டிய கயிறு கழன்று விழாமல் இருக்க மட்டுமா?