மாமாவுக்கு ஒரு பவுண்டரி

"மாமா, எந்த வீடா இருந்தாலும் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பவுண்டரி வேணும்."

சொல்லிவிட்டு மாப்பிள்ளை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஒரு வாரமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

அவருடைய பிரச்சினை சின்னதுதான். பத்தடிக்கு எட்டடி. மின்விசிறிக் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் அவருக்கு வேலை. ஓடாத விசிறிகளுக்காகப் பகல் முழுக்கப் போனில் திட்டு வாங்கிவிட்டு வருகிறவர், சாயங்காலம் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வாயை மூடி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் யாரையாவது திருப்பித் திட்டிவிடுவார், வேலை போய்விடும். அந்த அறையில்தான் மாமனார் இருந்தார். நாலு நாள் தங்கிப் போக வந்தவருக்கு இப்போது நாலாவது மாதம் நடக்கிறது. அவர் கொண்டுவந்த பச்சைப் பெட்டியைக்கூடக் காணோம். பெட்டியையே ஒழித்துவிட்டவர் இனி எங்கே கிளம்பப் போகிறார்?

"எப்போ கிளம்பறீங்க?" என்று மாமனாரைக் கேட்க மாப்பிள்ளைக்கு நாக்கு எழவில்லை. அந்த நேரத்தில்தான் ஆபீசில், மனம் நோகாமல் மறுத்துப் பேசுவது எப்படி என்று பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வாரம் ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. "இதையெல்லாம் தமிழ்ல சொன்னா சண்டை. இங்கிலீஷ்ல சொன்னா பாலிசி" என்றார் பயிற்சி நடத்திய அம்மாள். மாப்பிள்ளைக்குக் கண் திறந்தது.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பவுண்டரியா? நல்ல வார்த்தை. மேல சொல்லுங்க மாப்பிள்ளை."

"அவ்வளவுதான் மாமா."

"மனசுல வேற ஒண்ணும் இல்லையே? இருந்தா பட்டுனு சொல்லிடுங்க."

"ஒண்ணும் இல்ல மாமா."

மாமனாரின் முகம் விழுந்துவிட்டது. வழக்கம்போல வாட்ச்மேனோடு பேசப் படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் நில அளவைத் துறையில் ரிடையர் ஆனவர். மறுநாள் காலை மாப்பிள்ளை எழுந்து வந்தபோது, கூடம் முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். நடுவில் டேப்போடு மாமனார்.

"அளந்துட்டேன். சின்ன ரூம் என் அனுபவத்துல இருக்கு. பெரிய ரூம் பொண்ணோடது. கூடம் பொதுவழி. சோபாவுல இந்த ஓரம் உங்களுது. பிளக் பாயிண்ட்டையும் உங்களுக்கே விட்டுட்டேன்."

"ரொம்பப் பெரிய மனசு மாமா."

"ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லணும்."

ஆட்சேபணை தொண்டை வரை வந்தது. மாப்பிள்ளை அதை விழுங்கிவிட்டு, வெளியே நீட்டியிருந்த காலைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

அடுத்த வார வார்த்தை, லிமிட். டிவி சத்தத்துக்கு ஒரு லிமிட் வைக்கலாமே என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"வைக்கலாமே! இப்ப இருக்கற சத்தம்தான் லிமிட்" என்றார் மாமனார். "அப்படியே வெந்நீருக்கும் வைப்போம். உங்களுக்கு ஒரு பக்கெட்."

"அப்பா சொல்றது நியாயந்தாங்க" என்றாள் மனைவி. "உங்க போனுக்கும் ஒரு லிமிட் வெச்சிடலாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மாமனார் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தார்.

"கோவம் வருதா மாப்பிள்ளை?"

"சேச்சே."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்ல மாமா."

மாமனார் பெருமூச்சு விட்டுவிட்டுக் கீழே போனார்.

மூன்றாவது வார்த்தை, ஸ்கோப். அவரவர் வேலை இன்னது என்று பிரித்துவிட்டால் மாமனாருக்கே சங்கடமாகிப் பெட்டியைத் தேடுவார் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டார். பால், குப்பை, மின்சாரக் கட்டணம், ஒட்டடை எல்லாம் மாப்பிள்ளையின் ஸ்கோப்பில் வந்து விழுந்தன. மாமனாரின் ஸ்கோப், மேற்பார்வை. போதாததற்கு அவர் விடியற்காலையில் புல்லாங்குழல் பழகவும் ஆரம்பித்தார். ஆசிரியர் யாரும் இல்லை, தானாகவே பழகினார். அதுதான் கொடுமை.

"தொந்தரவா இருக்கா?" என்று குழலை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"இனிமையா இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை, ஒட்டடைக் கம்போடு.

அன்று ஆபீசில், ரெக்கை கழன்று விழுந்ததாகப் புகார் செய்த ஒருவரிடம், "உங்க வீட்ல ஃபேனாவது கழண்டுச்சே, கொடுத்து வெச்சவர் சார் நீங்க" என்று சொல்லிவிட்டார். மேனேஜர் கூப்பிட்டு எச்சரித்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். வேலை போவதைவிட வீட்டுக்குப் போவதுதான் மாப்பிள்ளைக்குப் பயமாக இருந்தது.

கடைசி வகுப்பு. "எந்த எக்ஸ்டென்ட் வரைக்கும் உங்களால தாங்க முடியும்னு முதல்ல நீங்க தெரிஞ்சுக்கணும்" என்றார் பயிற்சி அம்மாள். பஸ்ஸில் நின்றபடியே மாப்பிள்ளை அதை யோசித்துப் பார்த்தார். தாங்குவதற்கு அவரிடம் எவ்வளவோ தெம்பு இருந்தது. சொல்வதற்குத்தான் இல்லை. பாவம், அவரும் வயசானவர்தானே என்றும் தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பாலேயே சாக்பீஸ் கோட்டை அழித்தார்.

"மாமா, பவுண்டரி, லிமிட், ஸ்கோப் ஒரு மண்ணும் வேணாம். இது உங்க வீடு. எத்தனை வருஷம் வேணாலும் இருங்க. அன்லிமிடெட்."

மாமனாரின் கையிலிருந்து புல்லாங்குழல் நழுவி விழுந்தது. "முடிவாத்தான் சொல்றீங்களா மாப்பிள்ளை?"

"முடிவா."

மாமனார் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மனைவியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷப் புகார்ப் பிரிவு வாழ்க்கையில் ஒரு மனிதரை இவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை என்று மாப்பிள்ளைக்குப் பெருமையாக இருந்தது.

மாமனார் எழுந்து ஜன்னல் பக்கம் போய், கீழே பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

சற்று நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் வாட்ச்மேன். கையில் பச்சைப் பெட்டி.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சார்?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "'நானாக் கிளம்பினா கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரி ஆயிடும், என்ன தொல்லை குடுத்தும் மாப்பிள்ளை போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேங்கிறாரே'ன்னு, வந்த அஞ்சாம் நாள்லேருந்து பெட்டியைக் கட்டி என் ரூம்ல வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாரு பெரியவர்."