எங்கள் காரில் குதிரை எண்ணிய அண்ணாச்சி

அனு, கோபி, ரெண்டு பேரும் அப்பா சொல்வதைக் கேளுங்கள். நம் மாவட்டத்திலேயே, ஏன், உலகத்திலேயே, கார் ஓட்டத் தெரியாமல் காரின் குதிரைசக்தியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே மனிதர் அஞ்சுகிராமத்து அரிசிக்கடைக்காரர்தான். ஊர் அவருக்கு வைத்த பெயர் குதிரை அண்ணாச்சி. சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார்.

அவர் வழி இது. காரை மூன்றாவது கியரிலேயே வைத்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து எண்பதுக்கு அழுத்தவேண்டும். எத்தனை விநாடி ஆகிறது என்று அவர் போனில் பார்ப்பார். எவ்வளவு எடையை எவ்வளவு சீக்கிரம் இழுத்தது என்பதிலிருந்து எஞ்சினின் பலம் தெரிந்துவிடும். நடுவில் கியர் மாற்றினால் தொலைந்தோம்.

"கியர் மாத்துற நேரம் எஞ்சின் சும்மால்லா இருக்கு! சும்மா இருக்கவனுக்கு எதுக்குலே நேரம் குடுக்கணும்?"

எந்தக் காரில் எந்தக் கியருக்கு எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்று கடைச் சுவரில் எழுதி வைத்திருந்தார். பொன்னி அரிசி வாங்க வந்தவர்கள் அதை விலை என்று நினைத்துப் பேரம் பேசியதுண்டு.

எடை விஷயத்தில் அவருக்குக் கருணையே கிடையாது. காரில் ஏறும் முன் அரிசித் தராசில் ஏறவேண்டும். இறங்கியபின் எதையாவது தின்றால் மறுபடியும் ஏறவேண்டும்.

"ஒரு டீதானே அண்ணாச்சி குடிச்சேன்?"

"ரெண்டு வடை தின்னத நான் பாக்கலன்னு நெனச்சியா? ஏறுலே தராசுல!"

ஒரு ஆடி மாதம் நம் டாக்சி திணறியது. "எஞ்சின இறக்கணும், ஒரு மாசம் ஆவும்" என்றார் மெக்கானிக். ஆவணி பிறந்தால் வரிசையாகக் கல்யாணங்கள். அந்தச் சவாரிகள் போனால் நம் வீட்டுக்கு வேறு வழியில்லை. அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"நான் சொல்லுத வரைக்கும் ஒரு போல்ட்டையும் கழட்டாத, மக்கா."

காற்றாலைகளுக்கு நடுவே போகிற நேர்சாலையில் மூன்று தடவை, ஒரே திசையில் ஓட்டினோம். அண்ணாச்சி ஒரு தாளில் பெருக்கி, வகுத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இருக்கவேண்டியது நாற்பத்தேழு. வந்தது முப்பத்தொன்று.

"பதினாறு குதிர செத்துப்போச்சு, மக்கா" என்றார், சாவு விழுந்த துட்டி வீட்டில் பேசுகிற குரலில்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் இறங்கக் கதவைத் திறந்தார். கதவு அவரை உள்ளேயே தள்ளியது; முண்டி வெளியே வந்ததும் தாள் பறந்தது. அண்ணாச்சி வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தாளின் பின்னால் ஓட, வேட்டி பலூனாக ஊதியது. ஒரு உடைமரத்து முள்ளில்தான் தாள் அகப்பட்டது. அண்ணாச்சி வேட்டியைப் பார்த்தார். தலைக்கு மேலே சுழலும் காற்றாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"லே, இது என்னது?"

"காத்து, அண்ணாச்சி."

"இத நாம எழுதினமா?"

வடையை எழுதியிருந்தோம். காற்றை எழுதவில்லை. பிறந்த நாள் முதல் ஆடிக் காற்றில் நிற்கிறவர்களுக்குக் காற்று ஒரு விஷயமா? மெக்கானிக்கும் இதே ஊர்தான். தினமும் காலையில் நான் போவதும் இதே எதிர்காற்றில். திரும்பும்போது வண்டி பறக்கும். இறக்கம் என்று நினைத்திருந்தேன்.

"திருப்புலே வண்டிய!"

காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்ப மூன்று தடவை ஓட்டினோம்.

"அறுபத்தொண்ணு!" என்று கத்தினார் அண்ணாச்சி. "செத்ததெல்லாம் குட்டியோட வந்துட்டு, மக்கா!"

இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நாற்பத்தாறு. வயதான வண்டிக்கு ஒரு குதிரை குறைந்தால் குற்றமா? ஒரு போல்ட்டையும் கழற்றவில்லை. ஆவணியில் ஒரு கல்யாணத்தையும் விடவில்லை.

போன மாதம் அண்ணாச்சி மகன் வீட்டுக்கு மஸ்கட் போனார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் நான்தான் விட்டேன். பெட்டியை எடை போட்ட இடத்தில் தானும் ஏறப் பார்த்தாராம்.

திரும்பி வரும்போது, உங்களிடம் சொல்லவில்லை, அந்தக் காற்றாலைச் சாலையில் நான் மட்டும் போக மூன்று, வர மூன்று என்று ஓட்டினேன். எடை எழுதும் இடத்தில் என்னுடையதை எழுதினேன். அதன் கீழே, காரில் இல்லாத அண்ணாச்சியின் அறுபத்தெட்டு கிலோவையும் எழுதினேன். கணக்கில் இரண்டு குதிரை கூடுதலாக வந்தது. நான் திருத்தவில்லை.